முடி வளரத் தேய்க்கிற மினாக்ஸிடில் 5% லோஷன்: ஒரு வருஷம் தேய்ச்சவனோட ரிவ்யூ

எனக்கு ஆம்பளைங்க வழுக்கையை 1லேர்ந்து 7 வரை அளக்குற நார்வுட் ஸ்கேல்ல 6, அதாவது உச்சி மொத்தமும் காலி, காதுக்கு மேலயும் பின்னாடியும்தான் முடி. தினம் 2 வேளை 1 மில்லி போட்டேன். மொத மாசம் இருந்ததும் கொட்டுச்சு, பயந்தே போய்ட்டேன், பழைய முடி விழுந்துதான் புதுசு முளைக்கும்னு டாக்டர் சொன்னாரு. ஆறு மாசம் கழிச்சு ஓரத்து முடி கொஞ்சம் தடிச்சுது, நடு மண்டைல வெறும் பூனை முடி, பளபளப்பு அப்படியே இருக்கு. இது ஆதில பிபி மாத்திரையா வந்த மருந்து, முடியைக் கொட்ட வைக்கிற டிஹெச்டிங்கற ஹார்மோனைக் குறைக்காது, அதுக்கு ஃபினாஸ்டரைடுன்னு வேற மருந்து, அதையும் டாக்டரைக் கேட்டுத்தான் போடணும். நிறுத்தினா சில மாசத்துல வந்ததும் போயிடும். தலையணை உறையெல்லாம் பிசுபிசுப்பு வேற. இப்பத்தான் கொட்ட ஆரம்பிச்சவங்க தாராளமா வாங்கலாம், என்னை மாதிரி ஆளுக்கு 2 ஸ்டார்தான்.