விஸ்லர், லே ஜே, குயின்ஸ்டவுன்: பெங்களூரிலிருந்து டவுன்ஹில் ஓட்டப் போகிறவர்களுக்கு

நந்தி மலையில் சைக்கிளில் ஏற எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும். இறங்கப் பத்து நிமிடம். பெங்களூரில் சைக்கிள் ஓட்டுகிற பலருக்கும் கணக்கு ஏறக்குறைய இதுதான். அதனால் நம் கால்கள் பழகியிருக்கின்றன, கைகள் பழகவில்லை. டவுன்ஹில், அதாவது மலைச்சரிவில் சைக்கிளில் இறங்கும் விளையாட்டுக்கென்று லிஃப்ட் வைத்த பூங்காவில் எல்லாமே தலைகீழ். சைக்கிளை லிஃப்டில் மாட்டிவிட்டு மேலே போகிறோம், ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு முறை இறங்குகிறோம். இரண்டாம் நாள் மதியத்துக்குள் முன்னங்கை கல்லாகிவிடும், பிரேக்கைப் பிடிக்க விரல் மடங்காது. இதைத்தான் ஆர்ம் பம்ப் என்கிறார்கள்.

ஆகவே ஒரு பூங்காவில் எத்தனை டிரெயில் (இறங்கும் பாதை) என்று நான் எண்ணுவதில்லை. போய்ச் சேர்ந்த பிறகு, தெளிந்த தலையோடும் வேலை செய்யும் கையோடும் எத்தனை நாள் ஓட்ட முடியும் என்று பார்க்கிறேன்.

இந்த வருடம் அக்கா மகனும் என்னோடு வருகிறான். பத்தொன்பது வயது, இதுதான் அவனுக்கு முதல் பயணம். அல்சூரில் அவர்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து பேசும்போது, "விஸ்லர்தானே மாமா, இதில் யோசிக்க என்ன இருக்கு?" என்றான். நிறையவே இருக்கிறது.

விஸ்லரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கனடாவில் வான்கூவரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1999-இல் தொடங்கிய பூங்கா. இன்று உலகில் எங்கே புதுப் பூங்கா கட்டினாலும் இதைப் பார்த்துத்தான் கட்டுகிறார்கள். அங்குள்ள ஏ-லைன் டிரெயிலைப் படத்தில் பார்த்துவிட்டுப் பயப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் அதில் தாவும் மேடுகள் பெரும்பாலும் டேபிள்டாப். நடுவில் பள்ளம் இருக்காது, தாண்ட முடியாவிட்டால் உருட்டிக்கொண்டே போய்விடலாம். புதிதாக வருபவர்களுக்கு ஈஸி டஸ் இட், பி-லைன் என்று எளிய பச்சையும் அதற்கடுத்த நீலமுமாகத் தனிப் பாதைகள் இருக்கின்றன. பூங்கா மே நடுவில் திறந்து அக்டோபர் நடுவரை ஓடும். மலை உச்சியிலிருந்து இறங்கும் டாப் ஆஃப் தி வேர்ல்டு மட்டும் பனி உருகிய பிறகுதான் திறக்கும்.

சிக்கல் பூங்காவில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. கோடையில் பெங்களூருக்கும் அங்கேயும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். இரவு பகலாகிவிடும். முதல் மூன்று நாள் மதியம் இரண்டு மணிக்குக் கண் செருகும். அந்த நிலையில் வேர்களும் கற்களும் நிறைந்த சரிவில் இறங்குவது ஆபத்து. 2018-இல் என்னோடு வந்த நண்பன் இரண்டாம் நாளே விழுந்து காறை எலும்பை உடைத்துக்கொண்டான். அவன் எடுத்திருந்த பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டு சேராது என்று சொல்லிவிட்டார்கள். மருத்துவச் செலவு முழுக்க அவன் கையிலிருந்து போனது. எங்கே போவதாக இருந்தாலும், லிஃப்டில் ஏறி இறங்கும் மலை சைக்கிள் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே பாலிசி எடுங்கள்.

லே ஜே பிரான்சில், ஆல்ப்ஸ் மலையில் இருக்கிறது. பக்கத்து ஊர் மோர்சின். போர்ட் து சொலெய் என்ற பெரிய மலைப்பகுதியில் இரண்டும் அடக்கம். ஒரே லிஃப்ட் பாஸில் ஏறினால் காலையில் பிரான்ஸ், மதியம் சுவிட்சர்லாந்து. ஷெங்கன் விசா ஒன்று போதும். ஜெனீவா விமான நிலையத்திலிருந்து சாலையில் ஒன்றரை மணி நேரம். நேர வித்தியாசம் வெறும் மூன்றரை மணி. எனக்கு இதுதான் முடிவைத் தீர்மானிக்கிற எண். இறங்கிய மறுநாள் காலையிலேயே உடம்பு நம் பேச்சைக் கேட்கும்.

லே ஜே சாதாரண ஊர் இல்லை. 2004-லும் 2022-லும் மலை சைக்கிள் உலக சாம்பியன்ஷிப் நடந்த மலை. ஆனாலும் அதே மலையில் பச்சை, நீலப் பாதைகளும் நிறைய. கை வலித்தால் அதில் ஓட்டலாம், தேறியதும் கடினமான சிவப்புக்குப் போகலாம். அதே மலைப்பகுதியில் உள்ள ஷாத்தெல் (Châtel) ஊர்ப் பாதைகளைப் பழகியவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

மழைதான் அங்கே எதிரி. சுவிஸ் பக்கத்தில் ஷம்பெரியில் 2011 சாம்பியன்ஷிப் கொட்டும் மழையில் நடந்தது. பிரிட்டன் வீரர் டேனி ஹார்ட் 11 நொடிக்கும் அதிக இடைவெளியில் ஜெயித்தார். அந்த ஓட்டத்தைப் பார்த்தால் ஆல்ப்ஸ் களிமண்ணும் ஈர வேரும் எப்படி இருக்கும் என்று புரிந்துவிடும். இன்னொன்று, கடைசி லிஃப்டைத் தவறவிட்டால் வேறு பள்ளத்தாக்கில் மாட்டிக்கொள்வீர்கள். டாக்ஸியில் மலையைச் சுற்றித்தான் திரும்ப வேண்டும். லிஃப்டுகள் ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரைதான் முழுமையாக ஓடும். பள்ளிப் பிள்ளைகளின் ஏப்ரல், மே விடுமுறைக்கு இந்த ஊர் உதவாது.

குடும்பத்தோடு டிசம்பர் விடுமுறையில் கிளம்புகிறவர்களுக்கு நியூசிலாந்தின் குயின்ஸ்டவுன். அப்போது அங்கே கோடை. ஊர் நடுவிலிருந்தே கோண்டோலா ஏறுகிறது, கீழே வாகாட்டிப்பு ஏரி. நீங்கள் மலையில் இருக்கும்போது வீட்டில் மற்றவர்கள் படகில் போய்வரலாம். இறக்கம் சுமார் 450 மீட்டர், விஸ்லரோடு ஒப்பிட்டால் சின்ன மலைதான். மூன்று நாளுக்குத் தாராளம். நான்காம் நாள் கார்ட்ரோனா என்ற இன்னொரு மலைப் பூங்காவுக்கு ஒரு மணி நேரப் பயணம். நியூசிலாந்தில் விபத்தில் அடிபட்டால் சுற்றுலாப் பயணிக்கும் சிகிச்சைச் செலவுக்கு ஏ.சி.சி. என்ற அரசு அமைப்பு உதவும். ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவு அதில் வராது, ஆக காப்பீடு அங்கும் வேண்டும். ஷூவில் நந்திச் செம்மண் ஒட்டியிருந்தால் கழுவிக்கொண்டு போங்கள். விமான நிலையத்தில் மண்ணை அறிவிக்காமல் விட்டால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

மணாலி பக்கம் நல்ல இறக்கங்கள் உண்டு. ஆனால் ஜீப்பில் ஏற்றி இறங்குவது வேறு வகைப் பயணம், ஜூலை, ஆகஸ்டில் மழையும் நிலச்சரிவும் வேறு. இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை.

என் முடிவு இதுதான். முதல் முறை என்றால் லே ஜே, ஜூலை நடுவில், ஆறு நாள். நடுவில் ஒரு நாள் கட்டாய ஓய்வு. விஸ்லர் அடுத்த பயணத்துக்கு, பத்து நாளுக்குக் குறையாமல் விடுப்பு கிடைத்தால். கனடா விசாவைப் பத்து வருடம் வரை செல்லும்படி தர வாய்ப்பு உண்டு என்பதால், அதை நிதானமாக இப்போதே போட்டு வைக்கலாம்.

வண்டியை இங்கிருந்து கொண்டுபோக வேண்டாம். டவுன்ஹில் வண்டியும் பையும் சேர்ந்தாலே 23 கிலோவைத் தாண்டும். வாடகைக்கு எடுக்கும்போது உங்கள் எடையைச் சொல்லி சஸ்பென்ஷனை அமைக்கச் சொல்லுங்கள். மோர்சினில் எனக்குத் தந்த வண்டியில் என்னைவிட இருபது கிலோ கனமான ஆளுக்கான ஸ்பிரிங் இருந்தது. அரை நாள் முழுக்கக் கை அதிர்ந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

அதைவிட முக்கியம் பிரேக். நம் ஊர் வண்டிகள் பலவற்றில் வலக்கைதான் முன் பிரேக். பிரான்சில் இடக்கை. பதற்றத்தில் பழைய கை முந்திக்கொள்ளும். அதனால் போன ஞாயிறே அக்கா மகன் வண்டியில் பிரேக்கை இடம் மாற்றிவிட்டேன். யெலகங்கா பக்கம் அவலஹள்ளிக் காட்டுப் பாதையில் அதிலேயே ஓட்டிப் பழகுகிறான்.