காசோலையோடு வந்த தோத்திரம்: சபை நிகழ்ச்சிகளுக்குப் போகும் மேஜிக் கலைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிறு பள்ளி விழா, குடும்ப முகாம், பிறந்தநாள் என்று வேனில் சாமான் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் முழுதாகப் படித்துவிடுங்கள். மேஜிக்காக இருந்தாலும் சரி, பொம்மலாட்டம், பேசும் பொம்மை, கோமாளி வேஷம் எதுவாக இருந்தாலும் சரி.

நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று நாள் குடும்ப முகாமுக்கு நிகழ்ச்சி கேட்டு ஒருவர் எழுதினார். என் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான தொகைக்குக் காசோலை அனுப்பினார். மிச்சத்தை சவுண்ட் சர்வீஸ்காரருக்கு அனுப்பிவிடச் சொன்னார். அனுப்பினேன். ஒன்பதாம் நாள் காசோலை திரும்பி வந்தது. முகாமும் இல்லை, சபையும் இல்லை, சவுண்ட் சர்வீஸும் இல்லை. போன பணம் போனதுதான்.

"இது எவ்வளவு பழைய ஏமாற்று, இதிலா போய் விழுந்தீர்கள்?" என்று கேட்பீர்கள். நியாயம். இந்தக் காசோலை வித்தையைப் பற்றி நானே ஒரு தம்பியை எச்சரித்திருக்கிறேன். அப்படியும் எப்படி விழுந்தேன் என்பதுதான் சங்கதி.

நம் மாதிரி ஆட்களுக்கு ஒரு பழைய புண் உண்டு. விசுவாசியாக இருந்துகொண்டு மேஜிக் செய்கிறவனிடம், நிகழ்ச்சி முடிந்து சாமானைக் கட்டும்போது யாராவது ஒருவர் வந்து நிற்பார். "பிரதர், தப்பா நினைக்காதீங்க. இது வேதத்துக்கு விரோதம் இல்லையா?" தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். உபாகமம் 18:11-ல் 'மாயவித்தைக்காரனும்' என்றே எழுதியிருக்கிறது. அப்போஸ்தலர் 8-ல் வரும் சீமோனுக்கும் அதே சொல்தான். நோட்டீஸில் 'மாயாஜாலம்' என்று யாராவது அச்சடித்துவிட்டால் அன்றைக்குப் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

என் பதில் எனக்கு மனப்பாடம். அந்த வசனம் குறி சொல்வதையும், அஞ்சனம் பார்ப்பதையும், செத்தவர்களிடம் கேட்பதையும் பற்றியது. என் கையில் இருப்பது கயிறு. நீளம் வேறுபட்ட மூன்று கயிறுகள் ஒரே அளவாக மாறும்போது, பெரிய பாவம் சின்னப் பாவம் என்று நாம் போடும் கணக்கைப் பற்றிச் சொல்வேன். அப்புறம், மாறியது கயிறல்ல, நான் பிடித்த விதம் என்பதையும் சொல்லிவிடுவேன். 'மந்திரம்' என்ற சொல்லை மேடையில் எடுப்பதே இல்லை. மனதில் நினைத்ததைச் சொல்லும் ஐட்டம் நன்றாக வரும், கைதட்டலும் அதிகம், ஆனால் நிஜமென்று நம்பிவிடுகிறார்கள் என்பதால் விட்டுவிட்டேன். கேட்கிறவருக்கு நேரம் இருந்தால் ரெஜினால்ட் ஸ்காட்டைப் பற்றியும் சொல்வேன். சூனியக்காரிகள் என்று அப்பாவிகளைக் கொன்றுகொண்டிருந்த காலத்தில், 1584-ல், வித்தைக்காரர்களின் தந்திரங்களைப் புத்தகத்தில் விளக்கி, இதில் பிசாசு இல்லை, கைப்பழக்கம்தான் என்று எழுதிய ஆங்கிலேயர்.

இத்தனையும் சொல்லி முடித்தால் சிலர் சிரித்துக் கைகுலுக்குவார்கள். சிலர் "ஜெபத்தில் வைத்துக்கொள்கிறேன்" என்பார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும்.

இப்போது அந்த ஆள் எழுதியதைப் பாருங்கள்.

"தோத்திரம் பிரதர். எங்கள் சபை மூப்பர்கள் சிலர் மேஜிக் என்றதும் தயங்கினார்கள். இது கைத்திறமைதான், மாயவித்தை அல்ல என்று நான் அவர்களிடம் உங்களுக்காகப் பேசியிருக்கிறேன். சிறுவனாக இருந்தபோது வித்தை காட்டி, கயிற்றில் நடந்து, பிள்ளைகளைச் சேர்த்த கத்தோலிக்கப் பாதிரியார் டான் போஸ்கோவைச் சொன்னேன். இப்போது எல்லாரும் உங்களை எதிர்பார்க்கிறார்கள்."

வாட்ஸ்அப்பில் இதைப் படித்துவிட்டு வேனுக்குள் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் கேட்காமலே எனக்காக ஒருவர் வாதாடியிருக்கிறார். அதன் பிறகு அவர் என்ன சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன். காசுக்கு ஆசைப்பட்டு மாட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

பேச முடியாது என்றார், தொண்டையில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறதாம். சரி, எழுத்திலேயே பேசுவோம் என்றேன். அவர் சுகத்துக்காக அன்றிரவு ஜெபித்தோம். இதை எழுதும்போது இன்னும் கூசுகிறது.

எங்கள் டைரியைப் பார்த்துக்கொள்வது மனைவி. அவள் மட்டும் ஒன்றைக் கேட்டாள். "ஏங்க, இவர் மேடையைப் பத்தி ஒண்ணுமே கேக்கலையே?" உண்மைதான். நிகழ்ச்சி வைக்கிறவர்கள் கேள்வி கேட்டே கொன்றுவிடுவார்கள். எவ்வளவு இடம் வேண்டும், பிளக் பாயிண்ட் எத்தனை, புறா பறந்து ஃபேனில் அடிபடுமா, நெருப்பு உண்டா, சின்னப் பிள்ளைகள் முன்னால் தரையில் உட்காரலாமா. இவர் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று நாளும் மாலையில் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். "நம்மமேல நம்பிக்கை, அதான்" என்றேன். அவள் டைரியில் அந்த மூன்று நாட்களையும் பென்சிலால் குறித்தாள். வழக்கமாகப் பேனாவால்தான் குறிப்பாள்.

காசோலை கூரியரில் வந்தது. ஏதோ ஒரு கம்பெனிப் பெயர் அச்சடித்தது. முகாம் செலவை ஏற்ற சகோதரர் எல்லாவற்றையும் ஒரே காசோலையாகப் போட்டுவிட்டாராம். "உங்கள் கட்டணத்தையும் பயணச் செலவையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை சவுண்ட் சர்வீஸுக்கு அனுப்பிவிடுங்கள். அல்லது முதல் நாள் நீங்களே ரொக்கமாகக் கொண்டுவந்து கொடுத்தாலும் சரி. ஆனால் அட்வான்ஸ் வராவிட்டால் அவர் வேறு நிகழ்ச்சிக்குப் போய்விடுவார்."

நம் தொழிலில் இதற்குப் பெயர் ஃபோர்ஸ். சீட்டுக்கட்டை விரித்து "எதை வேண்டுமானாலும் எடுங்கள்" என்போம், நாம் நினைத்த சீட்டுதான் அவர் கைக்குப் போகும், அவரோ தானே தேர்ந்தெடுத்ததாக நினைத்துக்கொள்வார். இரண்டு வழி கொடுத்தார், நானாகவே ஒன்றை எடுத்தேன்! வருஷக்கணக்காக நான் பிறருக்குச் செய்வதை எனக்கு ஒருவர் செய்தபோது அடையாளம் தெரியவில்லை.

காசோலையைப் போட்ட மறுநாளே கணக்கில் இருப்பு கூடியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு மிச்சத்தை அவர் கொடுத்த கணக்கு எண்ணுக்கு அனுப்பினேன். இங்கேதான் எல்லாரும் கவனிக்க வேண்டும். பல நாடுகளில் வங்கி, காசோலை வசூலாகும் முன்பே தொகையை உங்கள் கணக்கில் காட்டிவிடும், எடுக்கவும் விடும். காசோலை எழுதியவரின் வங்கி 'சரி' சொல்லிவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. அது போலி என்றோ திருடப்பட்டது என்றோ தெரிய பல நாள் ஆகலாம், சில நேரம் வாரங்களும் ஆகும். தெரிந்ததும் காட்டிய தொகை முழுவதையும் உங்கள் கணக்கிலிருந்தே திரும்ப எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் அனுப்பியதோ உங்கள் சொந்தப் பணம், அது திரும்பாது. நாணயம் எப்போதோ மற்றக் கைக்குப் போயிருக்கும், அதற்குப் பிறகுதான் "இப்போது கையை நன்றாகப் பாருங்கள்" என்போம் இல்லையா, அந்தக் கணக்குதான். எனக்குப் பணம் போனது அனுப்பிய அன்று. தெரிந்தது ஒன்பதாம் நாள்.

இடையில் வேறு இரண்டு நிகழ்ச்சிகளை வேண்டாம் என்றுவிட்டேன். எழுத்தே இல்லாமல் நிறப் பக்கங்களை மட்டும் காட்டிச் சுவிசேஷம் சொல்லும் வார்த்தையில்லாப் புத்தகத்தின் நிறங்களில் பட்டுத்துணி ஐட்டம் வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். லண்டன் பிரசங்கியார் ஸ்பர்ஜன் 1866-ல் பிரசங்கித்தது கறுப்பு, சிவப்பு, வெள்ளை மூன்றும்தான், தங்க நிறத்தை 1875-ல் சேர்த்தவர் டி. எல். மூடி என்ற அமெரிக்கப் பிரசங்கியார். என்னிடம் தங்க நிறத் துணி நைந்து போயிருந்தது. புதிதாக வாங்கி, ஓரம் மடித்துத் தைத்து, உள்ளங்கையில் அடங்குகிறதா என்று மனைவி பத்துத் தடவை சுருட்டிப் பார்த்தாள்.

முகாமுக்கு முந்தின நாள் கிளம்பிவிட்டோம். பாதி வழியில் பெட்ரோல் பங்க். டேங்க் நிரப்பிய பிறகு கார்டு செல்லவில்லை. இன்னொரு முறை தேய்த்தார்கள், செல்லவில்லை. பின்னால் வண்டிகள் ஹார்ன் அடிக்கின்றன, புறாக்கூண்டைச் சூட்டிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துவிட்டு மனைவி கைப்பையில் சில்லறை எண்ணுகிறாள். போனில் கணக்கைத் திறந்தேன். இருப்புக்கு முன்னால் கழித்தல் குறி. கீழே ஒரு வரி: காசோலை திரும்பியது. அதற்குக் கீழே இன்னொரு வரி: திரும்பியதற்கான கட்டணம்.

அவருக்கு எழுதினேன். ஒற்றை டிக். முகாம் நடப்பதாகச் சொன்ன அரங்கத்தின் எண்ணைத் தேடி அங்கிருந்தே அழைத்தேன். எடுத்தவர் நல்ல மனிதர், பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். "அந்தத் தேதிகளில் எங்களிடம் யாரும் புக் பண்ணவே இல்லையே சார்." இரண்டு நிமிஷப் பேச்சு. அதை முதல் நாளே செய்திருக்கலாம்.

வங்கியில், "நீங்களே அனுப்பிய பணம் சார், நாங்கள் ஒன்றும் செய்வதற்கில்லை" என்றார்கள். போலீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்கி வைத்திருக்கிறேன். பணம் அனுப்பிய அன்றே வங்கிக்குச் சொன்னால், பெறுகிற கணக்கைச் சில நேரம் நிறுத்திவைக்க முடியுமாம். நான் ஒன்பது நாள் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

வெட்கத்தில் ஒரு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் பேசும் பொம்மை நிகழ்ச்சி செய்கிற ஒரு நண்பரிடம் வாய் தவறிச் சொன்னேன். "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று தன் போனை எடுத்துக் காட்டினார். அதே கடிதம். "எங்கள் சபை மூப்பர்கள் சிலர் பேசும் பொம்மை என்றதும் தயங்கினார்கள். இது கைத்திறமைதான், குறிசொல்லும் ஆவி அல்ல என்று நான் அவர்களிடம் உங்களுக்காகப் பேசியிருக்கிறேன்." அவர் தொழிலில் அவருக்கு இருக்கும் புண் அது. சொல்லை மட்டும் மாற்றியிருந்தார்கள், ஓரிடத்தில் அதுவும் மறந்துவிட்டது. கடைசி வரியில் "உங்கள் முயலைப் பார்க்கப் பிள்ளைகள் ஆவலாக இருக்கிறார்கள்" என்று இருந்தது. நண்பரிடம் முயலே கிடையாது. அதனால்தான் அவர் தப்பித்தார். கடிதத்தில் என் முயல் சரியாக இருந்ததால் நான் மாட்டினேன்.

ஒருமுறை ஏமாந்தவன் பெயர் அவர்கள் பட்டியலில் ஏறிவிடும் போலிருக்கிறது. போன மாதம் வெளிநாட்டுச் சபை ஒன்றின் பெயரில் அழைப்பு வந்தது. விமானச் சீட்டு, தங்குமிடம், காணிக்கை எல்லாம் அவர்கள் பொறுப்பாம், வேலை அனுமதிச் சீட்டுக்கான கட்டணத்தை மட்டும் நான் முன்கூட்டியே கட்ட வேண்டுமாம். பிரசங்கிமார், பாடகர்களுக்கும் இந்த மாதிரி வருகிறது. பதில் போடவில்லை.

இப்போது யார் எழுதினாலும் ஒருமுறையாவது குரலைக் கேட்கிறேன். தொண்டை சரியில்லையென்றால் சபையில் வேறு யாராவது பேசட்டும். அரங்கத்துக்கு நானே எண்ணைத் தேடி அழைக்கிறேன், அவர்கள் கொடுக்கும் எண்ணுக்கு அல்ல. பேசிய தொகைக்கு மேல் ஒரு காசு எழுதியிருந்தாலும் காசோலையை வங்கியில் போடாமல் அப்படியே திருப்பி அனுப்புவேன். தப்பாக எழுதியிருந்தால் சரியாக எழுதித் தரட்டும், அதற்காக எந்த நல்ல சபையும் கோபித்துக்கொள்ளாது. தெரிந்த பாஸ்டர் ஒருவர், "இவ்வளவு சந்தேகப்பட்டால் விசுவாசம் எங்கே?" என்றார். புறாவைப் போல மட்டுமல்ல, சர்ப்பத்தைப் போலவும் இருக்கச் சொல்லித்தானே இயேசு சீஷர்களை அனுப்பினார் என்றேன். புறா என்னிடம் நான்கு இருக்கிறது.

மனைவி அன்றைக்குக் கேட்டதை வைத்து, இப்போது மேடையைப் பற்றி நானே எல்லாரிடமும் ஒன்றைக் கேட்கிறேன்: மேடைக்குப் பின்னால் என்ன இருக்கிறது? போன வாரம் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தும் ஒரு சகோதரியிடம் கேட்டதற்கு, பத்து நிமிஷம் புலம்பித் தீர்த்தார். "ஐயோ, அதை ஏன் கேக்கிறீங்க பிரதர். பின்னால ஒரு ஜன்னல் இருக்கு, கொக்கி உடைஞ்சு மூடவே மாட்டேங்குது. பையன்கள் வெளியில சுவத்துல ஏறி நின்னு எல்லாத்தையும் பார்த்துருவாங்க. போன வருஷம் பொம்மலாட்டக்காரர் கோவிச்சுக்கிட்டே போயிட்டார். நீங்க ஒரு திரை கொண்டுவர முடியுமா?"

மனைவி டைரியைத் திறந்து பேனாவால் எழுதினாள். தங்க நிறத் துணியையும் எடுத்து வைத்திருக்கிறாள்.