கூட வருகிறவர்கள் சாகத்தான் வேண்டுமா? பல வருட ஆர்.பி.ஜி. அனுபவம்

பல வருடங்களாக ஆர்.பி.ஜி. (ஒரு கதாபாத்திரமாகவே மாறிக் கதைக்குள் பயணிக்கும் வீடியோ கேம்) விளையாடி வருகிறேன். கம்பானியன், அதாவது நம் குழுவில் கூட வரும் கதாபாத்திரம், யாராவது செத்தால்தான் கதைக்குக் கனம் வரும் என்று ஒரு காலத்தில் உறுதியாக நம்பினேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. (கீழே பல முடிவுகளைச் சொல்லியிருக்கிறேன். இன்னும் விளையாடாதவர்கள் கவனம்.)

1997-இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 7-இல் கூட வரும் ஏரித் சாகிறாள். அந்தக் காட்சியை விட அதற்கு அப்புறம் வந்த சண்டைகள்தான் எனக்கு அதிகம் வலித்தன. காயம் ஆற்றும் வேலை முழுவதையும் அவளிடம்தான் கொடுத்து வைத்திருந்தேன். மெனுவைத் திறந்தால் அவள் பெயர் இல்லை. கதை சொன்ன இழப்பை விளையாட்டும் என் கையில் உணரவைத்தது. அப்படி இல்லாமல், வீடியோவில் அழவைத்துவிட்டு அடுத்த ஊரில் அதே திறமையோடு இன்னொருவரைத் தரும் விளையாட்டுகளும் உண்டு. அவற்றில் செத்தவர்களின் பெயர்கூட எனக்கு நினைவில்லை.

என் கருத்தை மாற்றியது மாஸ் எஃபெக்ட் 2 (2010). கடைசிப் பணியில் எல்லோரும் சாகலாம், எல்லோரும் பிழைக்கவும் செய்யலாம். முதல் முறை, கடைசிக் கட்டத்தில் காவல் நிற்க விட்டுப்போன குழுவில் விஞ்ஞானி மோர்டினையும் வைத்தேன். அவர் செத்துப்போனார். காரணம் பிறகுதான் புரிந்தது: காவல் நிற்பவர்களின் பலத்தைச் சராசரியாகக் கணக்கிடுகிறார்கள், அது குறைந்தால் மோர்டின்தான் முதலில் விழுவார். மீட்ட பணியாளர்களைக் கப்பலுக்கு அழைத்துப்போக அவரை அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பார். அந்தக் குற்ற உணர்ச்சியை எந்தக் கதாசிரியரும் எனக்காக எழுதி வைக்கவில்லை.

இரண்டாம் முறை அப்படித்தான் அனுப்பினேன், ஒருவரும் சாகவில்லை. கதை அதனால் கொஞ்சமும் மெலியவில்லை, பயம் அப்படியே இருந்தது. அப்புறம் மூன்றாம் பாகத்தில் (2012), தானே கைவைத்துப் புதுப்பித்த ஜெனோஃபேஜ் என்ற, ஓர் இனத்தின் பிறப்பையே முடக்கும் நோய்க்கு மருந்தைப் பரப்பக் கோபுரத்தில் ஏறி, அங்கேயே உயிரை விட்டார் மோர்டின். மோர்டின் செத்துப்போன என் முதல் ஆட்டத்தைத் தொடர்ந்தபோது அந்த இடத்துக்குப் படோக் விக்ஸ் என்ற வேறொருவர் வந்திருந்தார். நல்லவர்தான். ஆனால் தன் தவறைத் தானே சரிசெய்யும் கிழவரின் கதை அதில் இல்லை. முதல் சாவு ஒரு நல்ல சாவை என்னிடமிருந்து பறித்திருந்தது.

ஃபயர் எம்ப்ளம் விளையாட்டுத் தொடர் வேறு மாதிரி. சண்டையில் ஒருவர் விழுந்தால் விழுந்ததுதான், திரும்ப வரமாட்டார். ஆனால் நான் உடனே ரீசெட் செய்துவிடுவேன், ஒரு சாவையும் கதைக்குள் விட்டதில்லை. அதனால் அந்தத் தொடரின் அவேக்கனிங்கில், விழுந்தவர்கள் சண்டை முடிந்ததும் திரும்பிவிடும் கேஷுவல் மோடுக்கு மாறியபோது எதையும் இழந்ததாகத் தோன்றவில்லை. ஒரு வரைபடத்தை ஐந்து முறை திரும்ப ஆடும் எரிச்சல்தான் போனது.

பால்டர்ஸ் கேட் 3-இல் (2023) கார்லாக்குக்கு இதயத்துக்குப் பதில் ஒரு நரக எந்திரம். அவெர்னஸ் என்ற நரகத்துக்கு வெளியே இருந்தால் அது அவளை எரித்துவிடும் என்பது முன்பே தெரிந்துவிடுகிறது. அதனால் முகாமில் அவள் சிரித்துப் பேசிய ஒவ்வொரு இரவையும் அவசரப்படாமல் கேட்டேன். முடிவில் துறைமுகத்தில் அவளைச் சாகவிடலாம், அது அழகாகத்தான் எழுதப்பட்ட சாவு. நான் அவளோடு அவெர்னஸுக்குப் போனேன்.