பிளக் மீட்டருடன் சில ஆண்டுகள்: எந்த எண்ணை நம்பலாம்?

சுவர் பிளக்கில் செருகி, அதன்மேல் சாதனத்தைச் செருகினால் வாட், யூனிட், திறன் காரணி (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் அளவில் உண்மையில் செலவாகும் பங்கு) ஆகியவற்றைத் திரையில் காட்டும் மலிவான மீட்டர் ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். பெரிய சுமைகளுக்கு இது தாராளமாகப் போதும். ஐந்து வாட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், திரையில் தெரியும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

மீட்டர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேறு கருவி தேவையில்லை, மின்கெட்டில் ஒன்றே போதும். ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 95 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்க ஏறத்தாழ 293 கிலோஜூல், அதாவது 0.081 யூனிட் தேவை. கெட்டிலின் உடலும் சூடாகி, கொஞ்சம் வெப்பம் வெளியிலும் போய்விடுவதால், மீட்டர் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்ட வேண்டும். குறைத்துக் காட்டினால் அதை நம்புவதற்கில்லை. மலிவு மீட்டர்கள் பல இரண்டு தசம இலக்கங்களுக்கு மேல் காட்டுவதில்லை என்பதால், நான்கைந்து லிட்டரைத் தொடர்ந்து காய்ச்சி மொத்தத்தைப் பார்ப்பதே முறை.

ஆனால் கெட்டில் வெறும் மின்தடைச் சுமை, அதாவது மின்சாரத்தை வெப்பமாக மட்டுமே மாற்றுவது. அதில் எந்த மீட்டரும் தேறிவிடும். சார்ஜர், காத்திருப்பு நிலையில் உள்ள தொலைக்காட்சி போன்றவைதான் உண்மையான சோதனை. இவற்றின் மின்வழங்கிகளில் இரைச்சலைத் தடுப்பதற்காக மின்கம்பிகளுக்குக் குறுக்கே ஒரு மின்தேக்கி (கெப்பாசிட்டர்) இருப்பது வழக்கம். அது 0.22 மைக்ரோஃபாரட் அளவுடையது என்றால், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது மட்டுமே சுமார் 16 மில்லியாம்பியர் இழுக்கும். மல்டிமீட்டரில் மின்னோட்டத்தை அளந்து வோல்ட்டால் பெருக்குபவருக்கு 3.7 வோல்ட்-ஆம்பியர் என்று விடை வரும். உண்மையில் செலவாவதோ அரை வாட்டுக்கும் குறைவாக இருக்கலாம். வீட்டு மின்கட்டணம் பொதுவாக வாட் கணக்கில்தான் வருகிறது. ஆகவே திறன் காரணியைக் கணக்கில் கொள்ளாத எந்த அளவீடும் இங்கே பயனற்றது.

மீட்டர் பூஜ்யம் காட்டும் சாதனங்களுக்கு ஒரு வழி உண்டு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு அதன் வாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு சார்ஜரையும் செருகி, வரும் மொத்தத்திலிருந்து பல்பின் வாட்டைக் கழித்துப் பார்க்க வேண்டும். இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மின்னழுத்தம் ஒரு சதவீதம் மாறினால் பல்பின் வாட் ஏறத்தாழ ஒன்றரை சதவீதம் மாறும். 25 வாட் பல்பில் அது 0.4 வாட், அதாவது நாம் தேடும் அளவையே விழுங்கிவிடக்கூடியது. எனவே, திரையில் ஒரே வோல்ட் தெரியும் நேரங்களில் எடுத்த எண்களை மட்டுமே ஒப்பிடுகிறேன். வீட்டிலுள்ள எல்லாச் சார்ஜர்களையும் ஒன்றாகச் செருகி மொத்தத்தை அளப்பது இதைவிட எளிது.

ஃபிரிட்ஜுக்கு வேண்டியது பொறுமை. கம்ப்ரசர் ஓடும்போது தெரியும் வாட்டைப் பார்த்து மாதக் கணக்குப் போடுவது வீண்வேலை. அது நின்று நின்று ஓடுகிறது. பனி உருக்கும் ஹீட்டர் உள்ள வகையில் இடையிடையே அந்தச் செலவும் வந்து சேர்கிறது. குறைந்தது ஒரு முழு நாள், முடிந்தால் ஒரு வாரம் விட்டு, சேர்ந்த யூனிட்டை மணிகளால் வகுப்பதே சரியான சராசரியைத் தரும்.

நேர வாரியாக வரைபடம் வேண்டுமென்றால் ஸ்மார்ட் பிளக் வசதியானது. எனினும் அது தன் வைஃபைக்கும் ரிலேவுக்கும் (உள்ளிருக்கும் தானியங்கிச் சுவிட்ச்) தானே கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. அந்தச் செலவு அது காட்டும் எண்ணில் பெரும்பாலும் சேர்வதில்லை. அரை வாட் சாதனத்தைக் கண்காணிக்க அதை நிரந்தரமாக மாட்டி வைப்பது வேடிக்கைதான்.

பிளக் இல்லாமல் நேரடியாக இணைக்கப்பட்ட ஏசி, கீசர் போன்றவற்றுக்கு வீட்டு மின்மானியில் சிமிட்டும் சிறு விளக்கே சிறந்த கருவி. அதன் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 3200 சிமிட்டல் என்று அச்சிட்டிருந்தால், 1125 என்ற எண்ணை இரு சிமிட்டல்களுக்கு இடையிலான விநாடிகளால் வகுத்தால் வாட் கிடைக்கும். இரவில் எல்லாவற்றையும் அணைத்த பிறகும் 15 விநாடிக்கு ஒரு முறை சிமிட்டினால், எங்கோ 75 வாட் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கிளாம்ப் மீட்டரையும் வைத்திருக்கிறேன். ஒற்றைக் கம்பியை மட்டும் கவ்வினால்தான் அது அளக்கும், இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம் காட்டும். அதுவும் மின்னோட்டத்தை மட்டுமே சொல்வதால், அதை அரிதாகவே எடுக்கிறேன்.

பிளக் மீட்டரில் எனக்குள்ள குறைகள் இரண்டு. ஹீட்டர் போன்ற கனத்த சுமையை நீண்ட நேரம் ஓட்டினால் அதன் பிளக் முனைகள் கைக்குச் சுடுகின்றன. அத்தகைய அளவீட்டைச் சீக்கிரம் முடித்துக் கழற்றிவிடுகிறேன். உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்தபின், மின்சாரம் போனால் சேர்ந்திருந்த யூனிட் கணக்கும் அழிந்துவிடுகிறது. பேட்டரியை மாற்றுவதற்கோ மூடியைத் திருகுகழற்றி கொண்டு திறக்க வேண்டும். வார அளவீடுகளின்போது தினமும் ஒரு முறை எண்ணைத் தாளில் குறித்து வைக்கிறேன்.