பச்சை பெயின்ட்டா, அடித்த எண்ணா? போர்க்கால பைக்கில் ராணுவ வண்டியைக் கண்டுபிடிப்பது

பச்சை பெயின்ட், டேங்கில் வெள்ளை எண், பின்னால் கான்வாஸ் பை. இவ்வளவு இருந்தால் போதும், இரண்டாம் உலகப் போரில் ஓடிய வண்டி என்று விலை பேசத் தொடங்கிவிடுகிறார்கள். மூன்றுமே இன்றைக்குப் புதிதாகச் செய்து மாட்டக்கூடியவை. மறுபக்கமும் உண்டு. கறுப்பும் குரோமுமாக நிற்கும் எத்தனையோ வண்டிகள், போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட, நிறம் மாற்றி விற்கப்பட்டவை. கழற்றி மாட்ட முடிகிற எதையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், உலோகத்தில் அடித்திருக்கும் எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

குழப்பம் அதிகம் வருவது பிரிட்டிஷ் நிறுவனமான பி.எஸ்.ஏ.வின் எம்20 மாடலில். 500 சிசி, வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கவாட்டில் இருக்கும் சைடு வால்வ் வண்டி. 1937-லேயே சிவிலியன் மாடலாக வந்துவிட்டது. போரின்போது ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். போர் முடிந்ததும் ஏறக்குறைய அதே உருவத்தில் மறுபடி விற்பனைக்கு வந்தது. முன்னால் கர்டர் ஃபோர்க் (இணைப்புத் தண்டுகளும் ஸ்பிரிங்கும் கொண்ட பழைய வகை முன் ஃபோர்க்), பின்னால் சஸ்பென்ஷனே இல்லாத ஃப்ரேம், போர்க்கால வண்டியிலும் போருக்குப் பிந்தைய முதல் வண்டிகளிலும் ஒன்றுதான். தூரத்தில் நின்று பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஃப்ரேமிலும் இன்ஜினிலும் அடித்திருக்கும் எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்துதான் பேசும். டபிள்யூ.எம்.20 என்று இருந்தால் போர்க்கால ராணுவத் தயாரிப்பு. எக்ஸ், ஒய், இசட் என்று தொடங்கினால் போருக்குப் பிந்தையது, எவ்வளவு பச்சை அடித்திருந்தாலும் சரி. போர் தொடங்கிய 1939-க்கு உரிய கே எழுத்து இரண்டு வகையிலும் வரலாம், அதை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

ஹார்லி டேவிட்சனில் கதை வேறு. சிவிலியன் மாடல் டபிள்யூ.எல்., ராணுவ மாடல் டபிள்யூ.எல்.ஏ. இன்ஜின் எண்ணிலேயே அந்த 'ஏ' இருக்கும், அதனால் ராணுவமா இல்லையா என்பது சுலபம். ஆண்டுதான் சிக்கல். 1942-க்குப் பிறகு வந்தவற்றிலும் 42டபிள்யூ.எல்.ஏ. என்றே அடித்தார்கள், ஆகவே அதைப் பார்த்து 1942 வண்டி என்று முடிவு கட்டாதீர்கள். கிரான்க்கேஸின் (இன்ஜினின் கீழ்க்கூடு) அடிவயிற்றில் உள்ள எண்ணையும் குனிந்து பாருங்கள். அந்தக் காலத்து ஹார்லி ஃப்ரேமில் எண்ணே கிடையாது, அதனால் இன்ஜின் மாறியிருந்தால் ஃப்ரேமின் பூர்வீகத்தைச் சொல்ல எண்ணின் துணை இருக்காது. சேறு அடைக்காமல் இருக்க ஓரம் திறந்துவிட்ட மட்கார்டு, தூசியை எண்ணெயில் பிடித்துக்கொள்ளும் ஆயில் பாத் ஏர் கிளீனர் எல்லாம் ராணுவ அடையாளங்கள்தான். ஆனால் பிந்தைய சொந்தக்காரர்கள் முதலில் கழற்றி எறிந்ததும் அவற்றைத்தான்.

எண்ணுக்கு அடுத்தபடி நான் நம்புவது பெயின்ட்டின் அடுக்குகளை. மேல் பெயின்ட்டை அல்ல. டூல்பாக்ஸுக்குப் பின்புறம், ஹெட்லைட் கூட்டின் உள்பக்கம், டேங்கின் அடிப்பகுதி என்று யாரும் மெனக்கெட்டுச் சுரண்டாத இடங்களில் நைசான வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டு மெதுவாகத் தேய்த்தால், அடுக்குகள் வளையம் வளையமாக வெளிப்படும். பிரிட்டிஷ் வண்டியானால் போரின் தொடக்கத்தில் காக்கிப் பச்சை, நடுவில் பழுப்பு, 1944 முதல் ஆலிவ் பச்சை. கறுப்புக்கு அடியில் இந்த நிறங்கள் தெரிந்தால் நல்ல சகுனம். பச்சைக்கு அடியில் கறுப்பு தெரிந்தால் சந்தேகப்படுங்கள், ஆனால் உடனே போலி என்று சொல்லிவிடாதீர்கள். போர் தொடங்கியபோது பிரிட்டனில் பொதுமக்களின் வண்டிகளையும் ராணுவம் எடுத்துக்கொண்டது. அப்படிப்பட்டவை பிறப்பால் சிவிலியன், வாழ்ந்தது ராணுவத்தில்.

இன்னொரு சின்னத் தடயம் ரப்பர். 1942-இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும் பிரிட்டனில் ரப்பருக்குத் தட்டுப்பாடு. எம்20-இல் கைப்பிடிக்குக் கான்வாஸ் சுற்றினார்கள், ஃபுட்ரெஸ்ட் வெறும் இரும்பாக வந்தது. அப்புறம் டேங்கில் பிரிட்டிஷ் ராணுவம் எழுதிய, 'சி' என்று தொடங்கும் பதிவு எண். பழைய பெயின்ட்டுக்கு அடியிலிருந்து மங்கலாக அது எட்டிப் பார்த்தால் பெரிய பரிசு. நேற்று ஸ்டென்சில் வைத்து எழுதியதற்கு மதிப்பில்லை.

சரி, ஃப்ரேமும் இன்ஜினும் வேறு வேறு கதை சொன்னால்? பி.எஸ்.ஏ.வில் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இரண்டிலும் வேறு வேறு எண்தான், அதற்காகப் பயப்பட வேண்டாம். ராணுவப் பட்டறைகளும் இன்ஜின்களை இஷ்டத்துக்கு மாற்றின. ஃப்ரேமில் டபிள்யூ, இன்ஜினில் எக்ஸ் என்றால் பின்னாளில் இன்ஜின் மாற்றிய ராணுவ வண்டி என்று எடுத்துக்கொள்வேன். தலைகீழாக இருந்தால் ராணுவ வண்டிக்கான விலையை நான் தர மாட்டேன்.