திண்டிவனம் பக்கத்தில் பார்த்த பள்ளித் தோட்டங்கள்

திண்டிவனத்தில் இருக்கும் என் அக்கா மகனுக்கு டவுன் சிண்ட்ரோம், பிறவியிலேயே வரும் அறிவு வளர்ச்சிக் குறைபாடு. வரும் புரட்டாசியோடு 18 முடிகிறது. அதற்கப்புறம் என்ன என்று அவன் படிக்கும் சிறப்புப் பள்ளியில் கேட்டால், "பார்ப்போம் சார்" என்பதோடு சரி. நான் இருக்கும் இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்படிப்பட்ட பிள்ளைகளின் கல்வித் திட்டத்தை 25 வயது வரை நீட்டிக்க வழி உண்டு, பண்ணையில் வேலை பழகுவதையும் அதற்குள் சேர்க்கலாம். நம் ஊரில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி என்கிறது, அதற்கு மறுநாள் பிள்ளை வீட்டில் டிவி முன்னால். அவனுக்கோ செடி, மண், ஆடு என்றால் உயிர். அதனால் இந்த முறை ஊருக்குப் போனபோது கல்யாண வீடுகளைக் குறைத்துக்கொண்டு, தோட்டவேலை சொல்லிக்கொடுக்கும் இடங்களாகப் பார்த்து அலைந்தோம்.

முதலில் போன இடத்தின் பெயர் வேண்டாம். வாசலில் வண்ணத் தொட்டிகள், சுவரில் பிள்ளைகள் மரக்கன்று நடும் படங்கள், படத்துக்குப் படம் வேறு வேறு விருந்தினர். தொட்டிகளில் பாதி காய்ந்து கிடந்தது. தினமும் யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று கேட்டேன், வாட்ச்மேன் என்றார்கள். மாதக் கட்டணத்தில் 'தோட்டச் சிகிச்சை' என்று தனியாக ஒரு தொகை வேறு. அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள், "வாடா, போலாம்."

திண்டிவனம் பக்கம் குணமங்கலத்தில் சிருஷ்டி கிராமம் இருக்கிறது. 2013இல் கார்த்திகேயன் என்பவர் தொடங்கியது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் மற்றவர்களும் ஒன்றாகத் தங்கி விவசாயம் பார்க்கும் இடம், பயிற்சியும் தருகிறார்கள். இந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அக்காவுக்கு மகன் ராத்திரி வீட்டுக்கு வந்துவிட வேண்டும், அதில் அவளிடம் பேச முடியாது. ஆகவே பகலில் மட்டும் நடக்கும் இடமாகத் தேடினோம், கடைசியில் ஒரு சின்னப் பள்ளி கிடைத்தது. அரை ஏக்கர்கூட இராது, ஆனால் அங்கே பார்த்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

உள்ளே போனதும் சிறப்பாசிரியை கேட்ட முதல் கேள்வி, "கழுத்து எக்ஸ்ரே எடுத்தாச்சா சார்?" டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேற்பகுதியில் எலும்பு மூட்டு தளர்வாக இருக்கும், தலைச்சுமை ஆகாது. அங்கே யார் தலையிலும் கூடை கிடையாது, எல்லாம் தள்ளுவண்டிதான். வலிப்பு மாத்திரை சாப்பிடும் பிள்ளைகளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியாக விடுவதில்லை. வேலி ஓரத்தில் இருந்த அரளியை வேரோடு எடுத்துவிட்டார்கள், கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்களே. இவ்வளவு யோசித்தவர்களிடம் பிள்ளையை விடலாம் என்று எனக்கு அங்கேயே தோன்றிவிட்டது.

களையெடுப்புதான் பெரிய தலைவலியாம், கீரை எது களை எது என்று பல பேருக்குப் பிரித்துப் பார்க்க வராது. அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு சிவப்பு நைலான் கயிறுகளை இழுத்துக் கட்டி, நடுவில் நேர்கோடாக விதைக்கிறார்கள். கயிற்றுக்கு வெளியே முளைத்தது எதுவானாலும் பிடுங்கலாம், உள்ளே முளைத்ததைத் தொடக் கூடாது. கத்தரி நாற்று நடும் பாத்தியில் கயிற்றில் முடிச்சு போட்டிருக்கிறார்கள், ஒரு முடிச்சுக்கு ஒரு நாற்று. பார்வை குறைந்த ஒரு பையன் முடிச்சைத் தடவித் தடவியே ஒரு வரிசை முழுக்க நட்டு முடித்தான். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு இடுப்பு உயரத்தில் மேட்டுப்பாத்தி. மண்ணைத் தொட்டாலே கத்தும் பிள்ளைக்குக் கையுறை, அதுவும் வேண்டாம் என்றால் குழித்தட்டில், அதாவது குழி குழியான நாற்றுத் தட்டில், விதை போடும் வேலை.

முதல் பயிர் எல்லோருக்கும் சிறுகீரைதான். மூன்றரை, நான்கு வாரத்தில் அறுவடைக்கு வந்துவிடும். அதற்கு மேல் காத்திருக்கச் சொன்னால், போன மாதம் தான் விதைத்ததற்கும் இன்று பறிப்பதற்கும் தொடர்பு இருப்பதே சில பிள்ளைகளுக்குப் புரியாமல் போய்விடுகிறது என்றார் ஆசிரியை. பள்ளிக் காலண்டரும் பட்டத்தோடு, அதாவது விதைப்புப் பருவத்தோடு, ஒத்துப்போகிறது. ஜூனில் திறந்து நிலத்தைத் தயார் செய்தால் ஆடிப்பட்டம் வந்துவிடும், அப்போது போட்ட அவரை மார்கழி, தை வரை காய்க்கும். கோடை விடுமுறைக்கு எதுவும் நடுவதில்லை. கத்திரி வெயிலில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் செத்த செடிகளைப் பிள்ளைகள் திரும்பி வந்து பார்க்க வேண்டாமே.

கீரைக் கட்டுகளை வாசலில் மேஜை போட்டு அவர்களே விற்கிறார்கள். இனிமேல் எந்த இடத்துக்குப் போனாலும் நான் கேட்கப்போவது இதைத்தான், கீரையை யார் விற்கிறார்கள், காசு யார் கைக்குப் போகிறது. இந்தப் பள்ளியில் பிள்ளைகள் பெயரில் வங்கிக் கணக்கு வைத்துப் பங்கைப் போடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பம். 18 தாண்டிய, தானே கணக்கைப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைக்காகப் பெற்றோர் கையெழுத்துப் போடப் போனால் பாதுகாவலர் சான்றிதழ் கேட்கிறார்கள். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான குழு அதைத் தரும், நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதில்லை. நாங்கள் போன வங்கிக் கிளையில் அப்படி ஒரு சான்றிதழ் இருப்பதே தெரியவில்லை. அக்காவை உட்காரவைத்து, மகன் எதிரிலேயே, "இவருக்கு எதுக்கும்மா அக்கவுண்ட்?" என்று கேட்டார்கள். அவன் என்னைப் பார்த்து, "கீரை காசு மாமா" என்றான். கவுன்டர்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இன்னொன்று போக்குவரத்து. சாதாரண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் கட்டணம் இல்லை, நல்ல விஷயம். ஆனால் அந்தப் பள்ளிக்குக் காலை நேரத்தில் பஸ்ஸே கிடையாது, வெயில் ஏறும் முன் வேலை முடிய வேண்டும் என்பதால் 7 மணிக்கெல்லாம் போயாக வேண்டும். ஆட்டோவுக்கு மாதம் ஆகும் செலவு பள்ளிக் கட்டணத்தைத் தாண்டிவிடுகிறது. வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் இப்படிப்பட்ட பள்ளிகளுக்கு உதவுவதென்றால் கல்வெட்டோடு கட்டடம் வேண்டாம், வேனுக்கு டீசல் போடுங்கள்.

18 முடிந்தவர்களுக்குத் தனியாக ஒரு குழு தொடங்க அந்தப் பள்ளி தயார்தான், வேனுக்கு ஐந்து குடும்பமாவது சேர வேண்டும் என்கிறார்கள். இப்போதைக்கு அக்காவையும் சேர்த்து மூன்று. முதல் வருட வேன் வாடகையில் எங்கள் பங்கை நான் கட்டிவிட்டு வந்திருக்கிறேன். திண்டிவனம், மயிலம் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஆடிக்குள் ஆள் சேர்ந்தால் இந்த வருட விதைப்பிலேயே பிள்ளைகள் இறங்கிவிடலாம்.