பெர்லினா, வியன்னாவா? குடிபெயர்வோர் முதலில் பார்க்க வேண்டியது வீடு

பெர்லின், வியன்னா இரண்டிலும் வேலை வாய்ப்பு வந்தால் நம்மவர்கள் சம்பளத்தை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அந்தச் சம்பளத்தில் பெரும்பங்கை விழுங்கப்போவது வாடகை என்பதால், என் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும்.

பெர்லினில் வீடு பார்க்கப் போனால் வரிசை மாடிப்படியைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிடும். மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஷூஃபா என்ற கடன் நாணயச் சான்று, பழைய வீட்டில் வாடகை பாக்கி இல்லை என்பதற்கான கடிதம் என எல்லாம் கையில் தயாராக இருக்க வேண்டும். புதிதாக வந்தவரிடம் இவற்றில் பாதி இருக்காது. வீடு அமைந்தாலும் பல இடங்களில் சமையலறை வெறும் அறைதான்: சுவரில் குழாய் முனை, மேலே தொங்கும் மின்கம்பி. அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, அலமாரி எல்லாம் நம் செலவு. வியன்னாவில் பெரும்பாலும் சமையலறையோடு வீடு கிடைக்கும். தேடலும் இவ்வளவு மூச்சுமுட்டாது.

காரணம் பழையது. 1920களில் கட்டத் தொடங்கிய வியன்னா மாநகராட்சியிடம் இன்று சுமார் 2,20,000 வாடகை வீடுகள் இருக்கின்றன. 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோஃப் குடியிருப்பு மட்டும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. பெர்லினோ கடன் நெருக்கடியில் 2004ஆம் ஆண்டு சுமார் 65,000 வீடுகளைக் கொண்ட தன் நிறுவனத்தையே தனியாருக்கு விற்றது. பின்னர் கொண்டுவந்த வாடகை உச்சவரம்புச் சட்டத்தை 2021 ஏப்ரலில் அரசியல் சாசன நீதிமன்றம் செல்லாது என்றது. வெளிநாட்டவருக்கு வியன்னாவின் மாநகராட்சி வீடு வந்தவுடன் கிடைக்காதுதான். ஆனால் நகரத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் மாநகராட்சி வீட்டிலோ மானிய வீட்டிலோ இருப்பதால், தனியார் வாடகையும் ஓரளவு அடங்கியே நிற்கிறது.

வேலைக்கு பெர்லின் மேல். தொழில்நுட்ப நிறுவனங்களில் ஆங்கிலத்தோடு காலம் தள்ளலாம்; வியன்னாவில் ஐ.நா. அலுவலகங்கள் போன்ற சில இடங்களைத் தவிர ஜெர்மன் இல்லாமல் கடினம்.

குடியுரிமையில் வியன்னா என்னை வருத்துகிறது. ஜெர்மனியில் 5 ஆண்டுகளில் விண்ணப்பிக்கலாம். ஆஸ்திரியாவில் பொதுவாக 10 ஆண்டுகள். ஜெர்மன் மொழியில் நல்ல தேர்ச்சி இருந்தால் 6. வருமான நிபந்தனையும் கடுமை. அங்கே பிறந்த குழந்தைக்கும் குடியுரிமை தானாக வராது. இதனால் வியன்னாவில் வாக்களிக்கும் வயதுடையோரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்கு வாக்கில்லை. வாக்காளர் பலத்தால் கட்டப்பட்ட அந்த மாநகராட்சி வீடுகளைப் பற்றி அவர்கள் சொல்ல வழியில்லை. பிள்ளைகளோடு நிரந்தரமாகத் தங்குவது உறுதி என்றால், சமையலறை இல்லாத வீட்டையும் பொறுத்துக்கொண்டு பெர்லினுக்கே போகச் சொல்வேன். சில ஆண்டு வேலைக்கு வியன்னாதான்.

எந்த ஊரானாலும் முகவரிப் பதிவை மறக்க வேண்டாம். வியன்னாவில் 3 நாள், பெர்லினில் 14 நாள் கெடு. தற்காலிக அறை எடுக்கும்போதே, பதிவுக்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுவாரா என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.